எண்ணெய் தீர்ந்துபோன இரவு

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்பதற்காகப் பேசியது, வாசிப்பதற்காகச் சற்றே திருத்தப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட்ல ரத்தம் உண்டு, சீழ் உண்டு, நாய்க்குட்டிகளைக் கொதிக்கவைத்த ஒரு தைலமும் உண்டு. சாப்பிட்டுக்கிட்டே கேட்கிறவங்க, தட்டைக் கழுவி வச்சிட்டு வாங்க. நான் காத்திருக்கேன்.

வருடம் 1537. இடம், வடக்கு இத்தாலி, டூரின் நகரத்துப் பக்கம். பிரெஞ்சு அரசன் முதலாம் பிரான்சுவாவின் படை மலைக் கணவாய்களைப் பிடித்துக்கொண்டு முன்னேறுகிறது. அந்தப் படையோடு அம்புருவாஸ் பாரே என்ற இளம் வைத்தியர் போயிருந்தார். வைத்தியர் என்றால் பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. நாவிதர்-சர்ஜன். முடிவெட்டுவது, பல் பிடுங்குவது, கட்டி கீறுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது எல்லாம் ஒரே ஆள் செய்த காலம். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நம்ம ஊரிலும் கத்தி பிடித்த அதே கைதான் ரண வைத்தியமும் பார்த்தது.

பாரேவுக்கு அதுதான் முதல் போர். அதுவரை துப்பாக்கிக் காயத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. படித்திருந்தார், அவ்வளவுதான். ஜொவான்னி த வீகோ என்ற புகழ்பெற்ற இத்தாலிய சர்ஜனின் புத்தகம் சொன்னது இது: வெடிமருந்து ஒரு விஷம், அதனால் குண்டடிக் காயம் ஒரு விஷக் காயம், அதைச் சுட்டுத்தான் முறிக்க வேண்டும். எதை வைத்துச் சுடுவது? எல்டர் மரத்து எண்ணெயைக் கொதிக்கக் கொதிக்கக் காயத்துக்குள் ஊற்றி.

பாரே முதலில் மற்ற சர்ஜன்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். எல்லாரும் ஊற்றினார்கள். அவரும் ஊற்றினார். ஒரு கட்டத்தில் எண்ணெய் தீர்ந்துபோச்சு. காயம்பட்டவர்கள் இன்னும் வரிசையில் கிடக்கிறார்கள். கையில் இருந்ததை வைத்து ஒரு கலவை செய்தார்: முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன். அதைப் பூசிக் கட்டுப் போட்டார்.

அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றாத ஆட்கள் விஷம் ஏறிச் செத்துக் கிடப்பார்கள் என்ற பயம். விடியும் முன்பே எழுந்து போய்ப் பார்த்தார். முட்டைக் கலவை பூசியவர்களுக்கு வலி குறைவு, வீக்கம் இல்லை, இரவு ஓரளவு தூங்கியும் இருந்தார்கள். கொதிக்கும் எண்ணெய் வாங்கியவர்களுக்குக் காய்ச்சல், கடுமையான வலி, காயத்தைச் சுற்றி வீக்கம். இனி இவர்களை இப்படிச் சுடுவதில்லை என்று அங்கேயே முடிவெடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். 1545ல் அந்த அனுபவங்களைப் புத்தகமாகவும் போட்டார். லத்தீனில் இல்லை, பிரெஞ்சில். சக நாவிதர்-சர்ஜன்கள் படிக்கிற மொழியில்.

இந்தக் கதையை மருத்துவ வரலாற்றுப் புத்தகங்களில் நீங்கள் கேட்டிருக்கலாம். நான் முதல் தடவை படித்தபோது என் கண்ணில் பட்டது வேறு விஷயம். முட்டையும் ரோஜாவும் காயத்தை ஆற்றினது என்று அந்தக் காலை நிரூபிக்கவே இல்லை. கொதிக்கும் எண்ணெயோடு ஒப்பிட்டால் வெறும் தண்ணீர்கூட ஜெயித்திருக்கும்! அங்கே தோற்றது எண்ணெய், அவ்வளவுதான். ஒரு மருந்து "நல்லா வேலை செஞ்சுது"ன்னு யாராவது சொன்னா, எதைவிட நல்லான்னு திருப்பிக் கேட்கணும். இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விதான் நம்மோட வரப்போகுது.

பாரேகூட அந்த இடத்தில் நிற்கவில்லை. டூரினில் ஒரு சர்ஜன் இருந்தார், குண்டடிக் காயத்துக்கு அவர் வைத்திருந்த தைலம் ஊரெல்லாம் பிரபலம். செய்முறையை யாருக்கும் சொல்ல மாட்டார். பாரே இரண்டு வருஷம் அவர் பின்னால் அலைந்து, பரிசு கொடுத்து, கடைசியில் வாங்கிவிட்டார். என்ன தெரியுமா? அப்போதுதான் பிறந்த நாய்க்குட்டிகளை லில்லி எண்ணெயில் வேகவைத்து, மண்புழு சேர்த்து, டர்பன்டைன் கலந்தது. பாரேவுக்கு மகா சந்தோஷம். புத்தகத்தைச் சந்தேகப்பட்ட அதே மனுஷன், ரகசியத் தைலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ஒரு ஆளுக்குள்ளேயே ரெண்டு பேர் இருக்காங்க பாருங்க.

ஆனால் அவர் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது, எண்ணெய்க் கதையைவிடப் பெரியது, யாரும் அதிகம் பேசுவதில்லை. படைத் தளபதியின் சமையல்கட்டுப் பையன் ஒருவன் சூடான எண்ணெய்க் கொப்பரையில் விழுந்துவிட்டான். பாரே மருந்துக் கடைக்கு ஓடினார். கடையில் நின்ற ஒரு கிராமத்துப் பாட்டி, "பச்சை வெங்காயத்தை உப்புப் போட்டு நசுக்கி வை, கொப்புளம் வராது" என்ற மாதிரி சொன்னாள். வைத்துப் பார்த்தார். அடுத்த நாள், வெங்காயம் பட்ட இடத்தில் கொப்புளம் இல்லை, படாத இடமெல்லாம் கொப்புளம்.

வேறு யாராக இருந்தாலும் "வெங்காயம் சூப்பர்" என்று அங்கேயே முடித்திருப்பார்கள். பாரே அடுத்த ஆளுக்குக் காத்திருந்தார். ஜெர்மன் காவலாள் ஒருவன் குடித்திருந்த நேரத்தில் அவனுடைய வெடிமருந்துக் குப்பி பற்றிக்கொண்டு முகமும் கையும் வெந்துபோனது. பாரே அவன் முகத்தில் ஒரு பாதிக்கு வெங்காயம் வைத்தார். மறு பாதிக்கு வழக்கமான மருந்து. ஒரே ஆள், ஒரே தீ, ஒரே நாள், இரண்டு மருந்து! வெங்காயப் பக்கம் கொப்புளமில்லாமல் இருந்தது, மறுபக்கம் பொங்கியிருந்தது. இன்றைக்கும் தோல் மருத்துவ ஆய்வுகளில் ஒரே நோயாளியின் உடம்பில் இரண்டு இடத்தை ஒப்பிடும் முறை உண்டு. அந்தக் குடிகாரக் காவலாளின் முகத்தில் அது நடந்திருக்கிறது. (தயவுசெஞ்சு தீக்காயத்துக்கு வெங்காயம் வைக்காதீங்க. ஓடுற தண்ணீர்ல இருபது நிமிஷம் காட்டுங்க, அப்புறம் ஆஸ்பத்திரி.)

அடுத்த நூற்றாண்டில் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவில் படித்த, பெரிய மனிதர்கள் காயத்தை விட்டுவிட்டு ஆயுதத்துக்கு மருந்து பூசினார்கள். குத்திய கத்திக்குக் களிம்பு தடவினால் குத்துப்பட்டவனுக்கு ஆறும் என்று நம்பிக்கை. இங்கிலாந்தின் கெனெல்ம் டிக்பி 1658ல் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அவருடையது தூள்: ரத்தம் பட்ட துணியை அந்தத் தூள் கரைத்த தண்ணீரில் போட்டால் போதும், காயம்பட்ட ஆள் வேறு தெருவில் இருந்தாலும் சரியாகும். துணியை எடுத்து நெருப்பில் காட்டினால் அங்கே அவருக்கு எரியும் என்று சாட்சிக் கதையும் சொன்னார். நான் நம்பலை, நீங்களும் நம்ப வேண்டாம்.

ஆனால் இதிலே ஒரு விஷயம் உண்மையாகவே வேலை செய்தது. கத்திக்கு மருந்து போடுகிற நேரத்தில் காயத்தை என்ன செய்யச் சொன்னார்கள்? கழுவி, சுத்தமான துணி கட்டி, அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கோ காயத்துக்குள் சாணமும் களிம்பும் மண்புழு எண்ணெயும் போனது. யாருக்குச் சீக்கிரம் ஆறியிருக்கும்? தூளுக்குப் பெயர் கிடைத்தது. வேலை செய்தது, ஒன்றும் பூசாமல் விட்டது.

இப்போ 1865க்குத் தாவுவோம். கிளாஸ்கோ, ஸ்காட்லாந்து. ஆகஸ்ட் 12. ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுப் பையன் கால்மேல் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. எலும்பு உடைந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே. அந்தக் காலத்தில் இதற்குப் பெரும்பாலும் காலை எடுத்துவிடுவார்கள், எடுத்தாலும் பாதிப் பேர் பிழைப்பதில்லை. ஜோசப் லிஸ்டர் பாஸ்டரின் கிருமிக் கட்டுரைகளைப் படித்திருந்தார். கார்லைல் நகரத்தில் சாக்கடை நாற்றத்துக்குக் கார்பாலிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தார். அதைத் துணியில் நனைத்துக் காயத்தில் வைத்தார். நான்கு நாள் கழித்துத் திறந்தபோது சீழ் இல்லை. ஆனால் சுற்றியிருந்த தோல் அமிலத்தால் எரிச்சல் கண்டு சிவந்திருந்தது. எண்ணெயில் கலந்து வீரியத்தைக் குறைத்தார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது.

லிஸ்டர் பிறகு கணக்கும் வெளியிட்டார். பழைய முறையில் 35 பேருக்கு உறுப்பு நீக்கம், 16 பேர் இறந்தார்கள். கார்பாலிக் வந்த பிறகு 40 பேர், 6 பேர் இறந்தார்கள். வித்தியாசம் பெரியதுதான். ஆனாலும் இது முன்பு-பின்பு ஒப்பீடு. நடுவில் வேறு எது எது மாறியது என்று அந்தக் கணக்கு சொல்லாது. அன்றைய எதிராளிகள் சிலர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லாரையும் முட்டாள்களாகக் காட்டும் வாழ்க்கை வரலாறுகள் எனக்கு ஒப்புவதில்லை. கிருமி விஷயத்தில் லிஸ்டர் சொன்னது சரி. அதற்காக எதிராளிகள் கேட்ட கேள்வி தப்பாகிவிடாது.

கார்பாலிக் கிருமியை மட்டும் கொல்லவில்லை என்பதும் சீக்கிரம் தெரிந்தது. சர்ஜன்களின் கைத்தோல் உரிந்தது. லிஸ்டர் ஆபரேஷன் அறைக் காற்றில் கார்பாலிக் தெளித்துக்கொண்டே வெட்டினார். 1890ல் அந்தத் தெளிப்பை அவரே கைவிட்டார். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கரோலின் ஹேம்ப்டன் என்ற நர்ஸுக்குக் கிருமிநாசினியால் கை புண்ணாகிப்போனது. சர்ஜன் ஹால்ஸ்டெட் குட்இயர் கம்பெனிக்குச் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்யவைத்தார். அப்புறம் அந்த நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டார். இன்றைக்கு டாக்டர்கள் போடும் கையுறை முதலில் வந்தது நோயாளியைக் காப்பாற்ற இல்லை, நர்ஸின் கையை மருந்திலிருந்து காப்பாற்ற.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அந்த மருந்து முழுத்தோலையே இப்படிச் செய்கிறதென்றால், திறந்த காயத்துக்குள் இருக்கும் சதையை என்ன செய்யும்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியது முதல் உலகப் போர். பிரான்சின் போலோன் துறைமுகத்தில் ஒரு கேசினோவை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். அங்கே ஆல்ம்ராத் ரைட்டோடு வேலை பார்த்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். ஆமாம், பின்னாளில் பெனிசிலின் கண்டுபிடித்த அதே ஆள். பிளாண்டர்ஸ் வயல்களின் உரம் போட்ட சேறு, கிழிந்த சீருடை, குண்டுத் துண்டு எல்லாம் காயத்துக்குள்ளே. டாக்டர்கள் காயத்தில் கார்பாலிக்கையும் மற்றக் கிருமிநாசினிகளையும் ஊற்றினார்கள். ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஃபிளெமிங் கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சூடாக்கி, பக்கவாட்டில் கூர்கூராக இழுத்துவிட்டார். குண்டுக் காயத்தின் மூலை முடுக்குகள் மாதிரி. அதற்குள் கிருமி கலந்த திரவத்தை ஊற்றி, கொட்டி, கிருமிநாசினியால் நிரப்பிவைத்தார். பிறகு அதையும் கொட்டிவிட்டு, சுத்தமான திரவத்தை நிரப்பினார். கிருமிகள் மறுபடி பெருகின. மூலைகளுக்குள் மருந்து போய்ச் சேரவே இல்லை. அதோடு, கிருமியைத் தின்ன வரும் வெள்ளையணுக்களை அதே மருந்து முதலில் கொன்றது என்றும் காட்டினார். அவர்கள் தரப்பு சொன்னது: செத்த சதையை வெட்டி எடு, உப்புநீரால் கழுவு, மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

எதிர்த்தரப்பில் நோபல் பரிசு வாங்கிய அலெக்சி கரேல். ஹென்றி டேக்கின் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து, சதையை அதிகம் எரிக்காத 0.5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் ஒன்றைத் தயாரித்தார். ரப்பர் குழாய்களைக் காயத்துக்குள் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்தைப் பாய்ச்சி, நுண்ணோக்கியில் கிருமியை எண்ணி, எண்ணிக்கை குறைந்த பிறகே தையல் போட்டார். அவருடைய நோயாளிகள் நன்றாகவே தேறினார்கள். இரண்டு தரப்பும் பத்திரிகைகளில் காரசாரமாகச் சண்டை போட்டது. என் கருத்து கேட்டால், ரெண்டு பேருமே ஒரே காரியத்தைச் செஞ்சாங்க: செத்த சதையை எடுத்தாங்க, விடாமல் கழுவினாங்க. பேர் மட்டும் பாட்டிலில் இருந்த தண்ணிக்குப் போச்சு.

நான் ஏன் இதையெல்லாம் தோண்டினேன் என்று கேட்கலாம். போன வருஷம் எனக்குக் குடல்வால் ஆபரேஷன். வயிற்றில் மூன்று சின்னத் தையல். வீட்டுக்கு வந்ததும் அம்மா மஞ்சள் பூசச் சொன்னாங்க. அத்தை தேங்காயெண்ணெய். மருந்துக் கடைக்காரர் கேட்காமலே ஒரு ஆன்டிபயாட்டிக் ஆயின்மென்ட் எடுத்து நீட்டினார். எனக்கோ சின்ன வயசில் முட்டியில் அடிபட்டால் "காத்தாட விடு, பொருக்குத் தட்டட்டும்" என்று பாட்டி சொன்னது ஞாபகம். நாலு பேர், நாலு மருந்து, எல்லாரும் அன்பாத்தான் சொன்னாங்க. எதையாவது வைத்தால்தான் ஆறும் என்பதில் மட்டும் முக்கால்வாசிப் பேருக்குச் சந்தேகமே இல்லை.

பொருக்கு விஷயத்தை 1962லேயே ஒருவர் தீர்த்துவைத்தார். ஜார்ஜ் விண்டர், இங்கிலாந்து. இளம் பன்றிகளின் முதுகில் மேலோட்டமான சிறு காயங்கள் செய்தார். சிலவற்றைக் காற்றில் விட்டார், சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. புதுத்தோல் செல்கள் ஓரத்திலிருந்து நகர்ந்து வரவேண்டும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதற்குக் கீழே ஈரம் தேடிப் பள்ளம் தோண்டிக்கொண்டு வரும். ஈரமாக இருந்தால் நேராகச் சறுக்கிக்கொண்டு வந்துவிடும். 'நேச்சர்' இதழில் வந்த அந்தச் சின்னக் கட்டுரையிலிருந்துதான் இன்றைய நவீன டிரெஸ்ஸிங் எல்லாம் கிளம்பின. நம்ம வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை, அது வேறு கதை.

மஞ்சளுக்கு வருவோம். 1995ல் அமெரிக்காவில், மஞ்சளைக் காயத்துக்குப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இந்தியாவின் சிஎஸ்ஐஆர் பழைய நூல்களையும் கட்டுரைகளையும் காட்டி வழக்காடி, 1997ல் அது ரத்தானது. நமக்கெல்லாம் பெருமை. எனக்கும்தான். ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தது "இது புதுசு இல்லை" என்ற வாதம். மஞ்சள் பூசினால் தையல் சீக்கிரம் ஆறுமா என்பது அங்கே கேள்வியே இல்லை. பழையது என்று நிரூபிப்பதும் பலிக்கிறது என்று நிரூபிப்பதும் வேறு வேறு வேலை. முதல் வேலைக்குத்தான் நாம் அதிகம் கைதட்டுகிறோம்.

தேன் கொஞ்சம் நல்ல மாணவன். எகிப்தியரும் வைத்தார்கள், சுசுருதரும் நெய்யோடு சேர்த்துச் சொன்னார். 1991ல் இந்திய சர்ஜன் ஒருவர் 104 தீக்காய நோயாளிகளை இரண்டு குழுவாக்கி, பாதிப் பேருக்குத் தேன், பாதிப் பேருக்கு வெள்ளி சல்ஃபாடயசின் களிம்பு போட்டுப் பார்த்து பிரிட்டிஷ் சர்ஜரி இதழில் எழுதினார். தேன் ஜெயித்தது. எதைவிட? வெள்ளிக் களிம்பைவிட. அந்தக் களிம்பே தோல் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. மறுபடி கொதிக்கும் எண்ணெய்க் கதை! ஆனாலும் 2015ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, ஆபரேஷனுக்குப் பிறகு சீழ் பிடித்த காயங்களில், கிருமிநாசினியும் காஸ் துணியும் வைப்பதைவிடத் தேன் மேல் என்று ஓரளவு உறுதியாகவே சொன்னது. ஆஸ்பத்திரியில் வைப்பது கிருமி நீக்கிய தேன். சமையலறைப் பாட்டில் தேன் இல்லை, அதை இட்லிக்கே வச்சுக்கோங்க.

கடைசியா, மருந்துக் கடைக்காரர் நீட்டிய அந்த ஆயின்மென்ட். இதுக்கு நேரான ஒப்பீடு இருக்கு.

1859ல் ராபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்க வேதியியலாளர் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனார். அங்கே குழாயில் ஒட்டும் மெழுகுக் கசடைத் தொழிலாளிகள் வெட்டுக்கும் தீக்காயத்துக்கும் தடவிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுத்தம் செய்து 1872ல் காப்புரிமை வாங்கினார். வாசலைன். தன் கையையே சுட்டுக்கொண்டு, தடவிக் காட்டி விற்பாராம். அதில் மருந்து என்று எதுவுமில்லை. ஈரத்தைப் போகவிடாது, அவ்வளவுதான். விண்டரின் பாலிதீன் தாள் செய்த வேலை.

1996ல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் ஒரு ஆய்வு. சிறு தோல் ஆபரேஷன் செய்துகொண்ட 922 பேர். பாதிப் பேருக்கு பேசிட்ராசின் ஆன்டிபயாட்டிக் களிம்பு, மீதிப் பேருக்கு வெறும் வாசலைன். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தொற்று வந்தது வாசலைன் குழுவில் 2 சதவீதம், ஆன்டிபயாட்டிக் குழுவில் 0.9 சதவீதம். தற்செயலைத் தாண்டிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத அளவு. ஆனால் ஆன்டிபயாட்டிக் குழுவில் நான்கு பேருக்குத் தோல் அலர்ஜி வந்தது. வாசலைனில் ஒருவருக்கும் வரவில்லை. காயமே ஆறுகிறது, கூட சேர்ந்து வருகிற அலர்ஜியைக் கண்டு "தொற்று ஆயிடுச்சு" என்று பயந்து இன்னும் அதிகமாக அதே களிம்பைப் போடுவார்கள், அதுதான் சிக்கல்.

2009ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதைவிடச் சுவாரசியமான முடிவு. 972 பேர், குளோராம்ஃபெனிகால் களிம்பு எதிர் பாரஃபின் களிம்பு. தொற்று 6.6 சதவீதம் எதிர் 11 சதவீதம். இந்தத் தடவை மருந்து உண்மையாகவே ஜெயித்தது. ஆனால் அந்த டாக்டர்கள் ஆய்வைத் தொடங்கும் முன்பே, குறைந்தது 5 சதவீதப் புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் பயனுள்ளது என்று எழுதிவைத்திருந்தார்கள். வந்தது 4.4. ஆகவே, வேலை செய்கிறது, ஆனால் எல்லாருக்கும் கொடுக்கும் அளவுக்கு இல்லை என்று எழுதினார்கள். இருநூறு ரூபாய் டியூபை விற்க எவ்வளவு நல்ல தலைப்பு அவர்கள் கையில் இருந்தது என்று யோசிச்சுப் பாருங்க. எனக்கு இந்த 4.4தான் பாரேவின் தூக்கமில்லாத இரவுக்கு நிகரா தோணுது.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு, ஓரங்களைச் சேர்த்துத் தைத்த ஆபரேஷன் காயத்துக்குத் தொற்றைத் தடுக்கவென்று கிருமிக்கொல்லிக் களிம்பு எதுவும் பூச வேண்டாம் என்றே வழிகாட்டுகிறது. நம்ம ஊர்க் கடைகளில் கிடைக்கும் டியூப்களில் பலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு தோல் ஆறுவதையே மெதுவாக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் பேர் இருக்கும், வாங்கும் முன்னாடி படிங்க.

என் தையலுக்கு சர்ஜனிடமே போய்க் கேட்டேன். பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சோப்பும் தண்ணியும். சீழோ காய்ச்சலோ சிவப்போ வந்தா மட்டும் வாங்க" என்றார். வீட்டில் யாருக்கும் அதில் திருப்தியில்லை. அத்தை இன்னும் தேங்காயெண்ணெய் பாட்டிலோடுதான் போன் பண்றாங்க.

அடுத்த வாரம், காயத்தைத் தைக்கிற நூலைப் பற்றி. ஆட்டுக் குடலில் தொடங்கும் கதை அது. அதுக்கும் சாப்பிட்டுட்டே வாங்க.